மாசக் கணக்கு

எங்கள் குடும்பத்தில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். டாக்டர் பேசும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். லீவு கேட்கக் கூச்சப்படாத ஆளாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவது நான்தான். சின்ன மாமாவுக்குப் பெருங்குடலில் கட்டி, அது ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து ஊட்ரம் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்வருவது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. அன்று முதல் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"டாக்டர் எத்தன மாசம் சொன்னாரு?"

அத்தை கேட்டார். பினாங்கிலிருந்து பெரிய மாமா போன் போட்டுக் கேட்டார். தேக்கா ஈரச்சந்தையில் மாமா வழக்கமாக ஆட்டுக்கறி வாங்கும் கடைக்காரர், எலும்பை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். மாமா மட்டும் கேட்கவில்லை. கேட்காததால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

டாக்டர் மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் உறவுக்குள் மூன்று கணக்குகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஆறு மாதம், ஒரு வருடம், அப்புறம் "தீபாவளி தாண்டாது". இதில் அந்த ஆறு மாதம் சினிமாவிலிருந்து வந்தது என்பது என் சந்தேகம். 1982ல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு படங்களில் கதாநாயகனுக்குப் புற்றுநோய். இரண்டு பேரும் கிளைமாக்ஸுக்குள் சொன்னபடி செத்துப்போனார்கள். தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறையே புற்றுநோயைத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அதே 1982ல், ஜூலை மாதம், அமெரிக்காவில் ஸ்டீபன் ஜே கூல்டு என்ற ஹார்வர்டு பேராசிரியருக்கு வயிற்று உறையில் மீசோதிலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இதைப் பற்றி என்ன படிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். படிக்கத் தகுந்ததாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் நழுவியிருக்கிறார். படிக்காதே என்றால் பேராசிரியர் சும்மா இருப்பாரா? நடக்க முடிந்ததும் நேராக மருத்துவ நூலகத்துக்குப் போனார். நோய் தெரிந்தபின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று அங்கே இருந்தது. அவர் வாழ்ந்தது இருபது வருடம். 2002ல் இறந்தபோதும் காரணம் இந்த நோய் இல்லை, வேறொரு புற்றுநோய்.

1985ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தை என் பாணியில் சொல்கிறேன். ஒரே நோய் உள்ள நூறு பேரை, யார் முதலில் போகிறார் யார் கடைசியில் போகிறார் என்று வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்பவர் எட்டாவது மாதத்தில் போனார் என்றால் அதுதான் இடைநிலை. மீதி ஐம்பது பேர் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள். இடது பக்கம் நீள இடம் கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே யாரும் போக முடியாது. வலது பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகலாம். தன் வயது, நோயைக் கண்டுபிடித்த கட்டம், கிடைக்கும் சிகிச்சை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, தான் அந்த வலதுபக்க வாலில் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று கூல்டு முடிவுசெய்தார்.

வாட்ஸ்அப்பில் இந்தக் கதை வரும்போது "மன உறுதியால் வென்றவர்" என்று வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மன உறுதியோடு போய்ச்சேர்ந்த எத்தனையோ பேரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவர்களெல்லாம் போதுமான அளவு உறுதியாக இல்லையா என்ன?

சரி, டாக்டர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை? ஒரு காரணம், அவர்களுக்கே சரியாகத் தெரியாது. 2000ல் சிகாகோவில் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லாமண்ட்டும் 343 டாக்டர்களிடம், இறுதிக்கட்டப் பராமரிப்பில் சேர்ந்திருந்த 468 நோயாளிகள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கேட்டார்கள். ஓரளவாவது சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு கணிப்பு. 63 விழுக்காடு உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்லப்பட்டவை. மொத்தமாகப் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நோயாளியை எவ்வளவு காலமாகத் தெரியுமோ அவ்வளவுக்கு டாக்டரின் கணக்கும் தப்பியிருக்கிறது. பழகிய மனுஷன் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கும் மனசு வருவதில்லை போல.

சிங்கப்பூரில் இந்தக் கணக்குக்கு ஆளான ஒருவரைப் பலருக்கு நினைவிருக்கும். டாக்டர் ரிச்சர்ட் டியோ. அழகுச் சிகிச்சை செய்து பணத்தைக் குவித்தவர், உடற்பயிற்சியில் வெறி உள்ளவர். 2011 மார்ச்சில் முதுகுவலி என்று ஸ்கேன் எடுக்கப்போனவருக்கு நுரையீரல் புற்றுநோய், அதுவும் நாலாம் கட்டம். கீமோ கொடுத்தாலும் மூன்று நாலு மாதம்தான் என்று தன்னிடம் சொன்னதாக அவரே பேசியிருக்கிறார். அதைப் பேசியது 2012 ஜனவரியில், பல் மருத்துவ மாணவர்கள் முன்னால். அந்தப் பேச்சு உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லோரும் அதில் ஃபெராரி காரைப் பற்றி, பணத்தின் அற்பத்தைப் பற்றி அவர் சொன்னதைத்தான் பகிர்கிறார்கள். நான் தேதியைப் பார்க்கிறேன். நாலு மாதக் கெடு பெற்றவர் பத்தாவது மாதத்தில் மேடையில் நிற்கிறார். 2012 அக்டோபரில், நாற்பது வயதில் இறந்தார். பத்தொன்பது மாதம். பிழைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் நாலுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே ஒரு மனுஷன் என்னென்ன செய்துவிட முடியும் என்பதற்கு அந்தப் பேச்சே அத்தாட்சி.

"நாலாம் கட்டம்" என்பது ஒரே நோய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணையத்தில் வந்து பரவியதும், புரோஸ்டேட்டில் வந்து எலும்புக்குப் போனதும் ஒன்றல்ல. முதலாவதில், வலுவான கூட்டு கீமோ கொடுத்துச் செய்த 2011 ஆய்விலேயே இடைநிலை 11 மாதம். இரண்டாவதில் பலர் பல வருடங்கள் மாத்திரையும் ஊசியுமாக நடமாடுகிறார்கள். நுரையீரல் புற்றுநோயிலேயே, கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கதை வேறு. புகைபிடிக்காத ஆசியர்களிடம் இது அதிகம். ஒசிமெர்டினிப் என்ற மாத்திரையை வைத்து நடந்த பெரிய ஆய்வில் இடைநிலை 38.6 மாதம். பழைய கீமோ காலத்தில் ஒரு வருடத்தையொட்டிப் பேசிய நோய் இது. அதனால் முத்து அண்ணன் இப்படி இருந்தார், லட்சுமி அக்காவுக்கு இப்படி ஆச்சு என்று பக்கத்து பிளாக்கிலிருந்து வரும் கணக்கை உங்கள் வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதைச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

மருந்து இருப்பது வேறு, அதற்குக் காசு கட்டுவது வேறு. 2022 செப்டம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி, புற்றுநோய் மருந்துகளுக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள மருந்தை, அதில் சொன்ன நோய்க்குக் கொடுத்தால்தான் காப்புறுதி. அதோடு சேர்த்து எடுக்கும் தனியார் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களுக்கும் 2023 ஏப்ரல் முதல் அதே வழி. ஆகவே "மருந்து உண்டா" என்பதோடு "பட்டியலில் உண்டா" என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள். சங்கடமான கேள்விதான். ஆனால் டாக்டர்களும் மருத்துவச் சமூக ஊழியர்களும் தினமும் கேட்கும் கேள்வி.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன்.

மாமாவிடம் சொல்லக்கூடாது என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம். அவருக்கு வந்திருப்பது அல்சர். கொஞ்சம் முற்றிய அல்சர். இந்த அல்சருக்காக அவரை கிராப் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற இடம் தேசியப் புற்றுநோய் நிலையம். கட்டடத்தின் நெற்றியிலேயே பெயர் எழுதியிருக்கிறது. அத்தை அவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்கிற சாக்கில் முகத்தை வேறு பக்கம் திருப்பப் பார்ப்பார். மாமா துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவர். கொள்கலன் மேல் எழுதியிருப்பதைத் தூரத்திலிருந்தே படித்துப் பழகிய கண் அவருடையது.

ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏற்றினால் சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதையும் தொட முடியாது. விரலில் ஊசி குத்துவதுபோல் சுரீர் என்று இருக்கும். முதல் சுற்று கீமோ முடிந்த வாரம் மாமா வழக்கம்போல தேக்காவுக்குப் போய், ஐஸ்மேல் கிடந்த வஞ்சிரத்தைச் செவுள் தூக்கிப் பார்க்கக் கைவைத்திருக்கிறார். உடனே உதறிவிட்டு நின்றிருக்கிறார். மீன்காரர் பயந்துபோய்த் தன் ரப்பர் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு மாமா சந்தைக்குப் போனால் சட்டைப்பையில் கம்பளிக் கையுறை இருக்கும். முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் கம்பளிக் கையுறை போட்டு மீன் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். அல்சருக்கு இப்படி ஆகுமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதைக் கவனித்தபோதே எனக்குப் புரிந்துபோயிற்று.

அடுத்த முறை டாக்டர் அறையில் நான் வழக்கம்போல மொழிபெயர்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மாமா என்னைக் கையமர்த்திவிட்டு, துறைமுக ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்.

"டாக்டர், ஐ நோ திஸ் ஒன் கேன்சர். மை கிராண்ட்சன் என்.எஸ். ஜஸ்ட் கோ இன். டூ இயர். கேன் ஆர் நாட்?"

அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாங்கள் இத்தனை நாளாக "எத்தனை மாசம்" என்று சுற்றிச்சுற்றிக் கேட்டும் வராத பதில், பேரன் தேசிய சேவை முடித்து வருவதைப் பார்ப்பேனா என்று கேட்டதும் வந்தது. மாமாவைப் போன்ற நிலையில், சிகிச்சை ஒத்துக்கொண்டால், நடுவில் நிற்பவர்கள் இரண்டு வருடத்தையொட்டி இருக்கிறார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு, பத்தில் ஐந்து பேர் ஒரு வருடத்துக்கும் நாலு வருடத்துக்கும் நடுவில், பத்தில் ஒருவர் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை, பத்தில் ஒருவர் ஆறு வருடத்தையும் தாண்டுகிறார் என்று எழுதிக் காட்டினார். "பாசிபிள். பட் ஐ கெனாட் பிராமிஸ்."

பிறகு தேடிப் பார்த்தேன். சிட்னியில் பெலிண்டா கீலி, மார்ட்டின் ஸ்டாக்லர் என்ற புற்றுநோய் மருத்துவர்கள் பல ஆய்வுகளை அலசிக் கண்டுபிடித்த வழி இது. இடைநிலையைப் பாதியாக்கினால் ஒரு முனை, இரட்டிப்பாக்கினால் மறுமுனை. ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்குள் அடங்குவார்கள். கால் பங்குக்குள் போகிறவர்கள் பத்தில் ஒருவர், மூன்று நாலு மடங்கு இருப்பவர்களும் பத்தில் ஒருவர். ஒற்றை எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் வீட்டில் யாருக்காவது கேட்க வேண்டி வந்தால், "எத்தனை மாசம்" என்று கேட்காமல், நன்றாகப் போனால் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு, பெரும்பாலானவர்களுக்கு எவ்வளவு என்று மூன்றாகக் கேளுங்கள். ஸ்கேனைப் போலவே நோயாளியின் நடமாட்டத்தையும் டாக்டர் பார்ப்பார். பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கிடக்கிறாரா, தானாகக் குளிக்கிறாரா, எடை இறங்குகிறதா என்பதையெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "நல்லாத்தான் சாப்பிடறாரு டாக்டர்" என்று அத்தை சொல்லும் பொய்யால் கணக்குதான் கெடும்.

நாம்தான் இப்படி மறைக்கிறோம் என்றால், வெளிப்படையாகப் பேசும் அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2012ல் வெளிவந்த ஆய்வில், கீமோ எடுத்துக்கொண்ட நாலாம் கட்ட நோயாளிகள் 1,193 பேரில், குடல் புற்றுநோய்க்காரர்களில் 81 விழுக்காட்டினர் இந்த கீமோ தங்களைக் குணப்படுத்த வாய்ப்பே இல்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. காதில் விழுவது வேறு, உள்ளே இறங்குவது வேறு.

பால் கலாநிதி என்று ஒருவர் இருந்தார். பெயரைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரியும். பெற்றோர் தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா போனவர்கள். மூளை அறுவைச் சிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில், 2013ல், நாலாம் கட்ட நுரையீரல் புற்றுநோய். நோயாளிகளுக்கு எண் சொல்லாமல் தவிர்த்தவர், நோயாளியானதும் தன் டாக்டரிடம் எண்ணுக்காக மன்றாடினார். மூன்று மாதம் என்றால் குடும்பத்தோடு இருப்பேன், ஒரு வருடம் என்றால் புத்தகம் எழுதுவேன், பத்து வருடம் என்றால் மறுபடி அறுவைக்குப் போவேன் என்பது அவர் தவிப்பு. கடைசியில் எண் தெரியாமலே எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார். அறுவை அரங்குக்குத் திரும்பினார், குழந்தை பெற்றார், எழுதினார். 2015 மார்ச்சில், 37 வயதில் இறந்தார். புத்தகம் அடுத்த வருடம் வந்தது. என் மாமா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஆனால் அவர் கேட்டதும் அதேதான். எண் எதற்கு? அதை வைத்து எதையாவது முடிவுசெய்ய.

சில பேருக்கு இந்த முடிவுக்குச் சில நாள்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்லில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடும் தம்பிகளை நினைத்துப் பாருங்கள். ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்கு 60,000 வெள்ளியாகக் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பரவிய புற்றுநோய் என்று தெரிந்தால் அந்தத் தம்பி கேட்கும் முதல் கேள்வி ஆயுளைப் பற்றியதாக இருக்காது. திருச்சி விமானத்தில் ஏறுகிற நிலைமை இன்னும் எத்தனை நாளைக்கு என்பதாகத்தான் இருக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஆக்சிஜன் தேவைப்பட்டால் விமான நிறுவனத்திடம் மருத்துவ அனுமதி வாங்க வேண்டும். "இன்னொரு சுற்று மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். இங்கே மட்டும் டாக்டர் தயங்காமல் பேசியாக வேண்டும் என்பது என் கருத்து. தயங்கினால் அம்மாவிடம் போய்ச்சேர்வது பெட்டிதான்.

வலிநிவாரணப் பராமரிப்பு என்றாலே நம் ஆட்களுக்குக் கை விரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். முதல் தடவை அந்தக் குழுவின் தாதி மாமாவைப் பார்க்க வந்தபோது அத்தை அவருக்குக் கோப்பிகூடப் போடவில்லை. 2010ல் பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரணக் குழு. இரண்டாவது கூட்டத்தினர் குறைவாகச் சோர்ந்தார்கள், கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சையும் குறைவாகவே எடுத்தார்கள். ஆனாலும் இடைநிலை ஆயுள் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். கை விரிப்பது இப்படியா இருக்கும்? மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயந்து, பாட்டிலை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு வலியில் துடிக்கவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. சரியான அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் குறைக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு.

இங்கே எச்சிஏ ஹோஸ்பிஸ் தாதிகள் வீட்டுக்கே வருகிறார்கள், கட்டணம் இல்லாமல். டோவர் பார்க், அசிசி என்று தங்கிப் பார்க்கும் இல்லங்களும் உண்டு. இருந்தும் சிங்கப்பூரில் பத்தில் ஆறு மரணங்கள் மருத்துவமனையில்தான் நடந்துவந்தன. 61 விழுக்காட்டை 51க்குக் கொண்டுவருவது 2023ல் அரசு வைத்த இலக்கு. வீட்டில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் மூவறை வீவக வீட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கே போடுவது, ராத்திரி யார் முழித்திருப்பது, பணிப்பெண்ணுக்கு எவ்வளவுதான் தெரியும் என்ற கேள்விகளில் ஆசை தேங்கிவிடுகிறது.

மாமா முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசியில் வீடு, குழாய் எதுவும் வேண்டாம், தனக்காகப் பேச மகள். மகன் இருக்கும்போது மகளா என்று இரண்டு வாரம் வீட்டில் மூச்சுப் பேச்சு இல்லை. "அவன் அழுவான், அவ பேசுவா" என்று மாமா காரணம் சொன்னார். மகன் அதற்கும் அழுதான்.

இப்போது ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். டாக்டர் ஒரு சுற்று கீமோவைத் தள்ளிப்போடச் சம்மதித்து, பயணத்துக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறார். டிக்கெட் போட்டாயிற்று. அத்தை ஊர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் அல்சர் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார். மாமா இறங்கினதும் முதல் வேலையாக எல்லோரிடமும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்கிறார். அப்படியானால் நான் வரவில்லை என்று அத்தை பெட்டியைப் பிரித்து வைத்திருக்கிறார். பஞ்சாயத்துக்கு இன்று சாயந்திரம் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.